எழுத்துக் கூலியில் பாதி

நான் முதன்முதலில் எழுதிக் கொடுத்த மனு எங்கள் வீட்டுக்கானது. பாறசாலைக்குத் தெற்கே, எல்லைக்கு நடந்து போகும் தூரத்தில், பெரிய நிலக்காரரான ஒரு ஜன்மியின் விளையில் நாங்கள் குடியிருந்தோம். மண் அவருடையது, சுவரும் ஓலையும் எங்களுடையவை. இப்படி அடுத்தவர் நிலத்தில் குடிசை போட்டு இருக்கும் குடிகிடப்புக்காரர்களுக்குப் பத்து சென்ட் வரை சொந்தமாகும் என்று சட்டம் வந்தபோது, எல்லோரும் நெய்யாற்றின்கரைக்கு ஓடினார்கள். அங்கே ஆபீஸ் வாசலில் மனு எழுதுகிறவர் கேட்ட தொகை, கல் உடைக்கப் போகும் என் அப்பாவுக்கு நான்கு நாள் கூலி.

"பிரீடிகிரி வரை படிச்சது எதுக்காக்கும்? நீயே எழுது" என்றார் அப்பா.

மலையாளத்தில் மூன்று பக்கம் எழுதினேன். அப்பாவின் அப்பா அந்த மேட்டில் பாறை பெயர்த்து இடம் உண்டாக்கியது, ஒரு மழையில் சுவர் விழுந்தது, அதை மறுபடி எழுப்பியது என்று எல்லாம் இருந்தது. ஆபீசில் இருந்த குமாஸ்தா முதல் பக்கத்தைப் பாதி படித்துவிட்டு என்னைப் பார்த்தார். "மோளே, இது கதயல்லே? நாலு அதிரும் எழுது. எத்ர கொல்லமாயி தாமசம் எந்நும் எழுது. மதி." நான்கு எல்லையும், எத்தனை வருடமாக இருக்கிறோம் என்பதும் போதும், வேறெதுவும் வேண்டாம். வராந்தாவில் உட்கார்ந்து அரைப் பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். கேட்காமலே எனக்குக் கிடைத்த முதல் பாடம் அது. வீட்டு மண்ணுக்கான பட்டயம் கைக்கு வர இன்னும் நாளானது. ஆனால் நான் எழுதியது செல்லுபடியாகிறது என்ற செய்தி அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் எங்கள் இடவழியில் வீடு வீடாகப் போய்விட்டது.

அதன் பிறகு வந்தவர்களுக்கெல்லாம் எழுதினேன். கூலி கேட்கவில்லை. கேட்க எனக்குத் தெரியவும் இல்லை. ஒருவர் மரச்சீனிக்கிழங்கு கொண்டுவருவார், ஒருவர் பாதிச் சக்கைப்பழம், ஒரு வீட்டில் இருந்து நான்கு முட்டை. அம்மாவுக்கு அது போதுமாக இருந்தது. எனக்குத்தான் காகிதமும் மையும் வாங்கப் பைசா இல்லாமல் இருந்தது.

மனுக்கள் குறைந்த காலத்தில் கடிதங்கள் வர ஆரம்பித்தன. ஒவ்வொரு வீடாக ஆண்கள் பம்பாய்க்குப் போய், அங்கே காத்துக் கிடந்து, பிறகு கடல் தாண்டினார்கள். மனைவிமார் கையில் நீல நிற ஏர்மெயில் தாளோடு என்னிடம் வந்தார்கள். வீட்டில் பேசுவது தமிழ், பள்ளியில் படித்தது சிலருக்கு மலையாளம், சிலருக்கு ஒன்றுமில்லை. எனக்கு இரண்டும் எழுத வரும். கடிதத்துக்கு ஐம்பது பைசா என்று அவர்களே வைத்துக்கொண்டார்கள்.

அவர்களில் ஒருத்திக்குத்தான் நான் அதிகமாக எழுதினேன். காஞ்சிரங்குளத்தில் இருந்து எங்கள் இடவழிக்குக் கல்யாணமாகி வந்தவள். என்னைவிட மூன்று வயது மூப்பு, அதனால் அக்கா என்பேன். அவள் கணவர் கொத்தனார். ஊரில் அவர் பூசிய சுவரைத் தடவிப் பார்த்தே அவர் வேலை என்று சொல்லிவிடலாம், அவ்வளவு நேர்த்தி. அபுதாபியில் ஒரு கம்பெனியில் பூச்சு வேலைக்குப் போயிருந்தார். அக்கா எழுத்துக் கூட்டிப் படிப்பாள். எழுதுவது கையெழுத்தோடு சரி.

இதற்கு நடுவில் நான் வேறொன்றும் எழுதினேன். நெய்யாற்றின்கரையில் நில விசாரணை நடந்த ஒரு மழை நாளில், ஜன்மியின் காரியஸ்தரும் அவருக்கு எதிராக மனு கொடுத்த குடிகிடப்புக்காரரும் ஒரே குடைக்குள் நின்று, முறை வரும்வரை பீடி பற்றிப் பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். அதைத் தமிழில் எழுதி, நாகர்கோவிலில் இருந்து வந்துகொண்டிருந்த ஒரு வார இதழுக்கு அனுப்பினேன். மூன்றாவது வாரம் அது அச்சாகிவிட்டது. களியக்காவிளையில் பெட்டிக்கடையில் என் பைசா கொடுத்து அந்த இதழை வாங்கினேன். அச்சில் என் பெயரைக் கண்டபோது கடைக்காரரிடம் சொல்லலாமா என்று யோசித்து, சொல்லாமல் வந்தேன்.

ஒரு வருடத்தில் ஆறு கட்டுரை வந்தது. ஆறுக்கும் ஒரு பைசா வரவில்லை. இதழ்கூட அனுப்பவில்லை. காகிதம், உறை, தபால்தலை, இதழ் வாங்கிய செலவு என்று கணக்குப் பார்த்தால், அந்த இதழுக்கு நான்தான் கூலி கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் பஸ் ஏறி நாகர்கோவிலுக்குப் போனேன்.

ஆசிரியர் நல்ல மாதிரி மனிதர். நாற்காலி போடச் சொன்னார், சாயா வாங்கிவரச் சொன்னார். என் கட்டுரைகளில் இருந்து வரிகளை ஞாபகமாகச் சொன்னார். நான் வந்த காரியத்தை மூன்று முறை தொடங்கினேன். மூன்று முறையும் அவர் இலக்கியத்துக்குப் போய்விட்டார். கடைசியில் வெளிப்படையாகவே கேட்டேன். அவர் முகம் சுருங்கவில்லை, சிரித்தார்.

"பேரு பரவுதுல்லாம்மா? வளருத காலத்துல அதுதான் மூலதனம். நாங்களே கடன்ல ஓட்டுதோம்."

எழுந்து கும்பிட்டுவிட்டு வந்தேன். வெளியே வரும் வழியில், அச்சு மை வாடை அடித்த ஓர் அறையில், ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து மெய்ப்புப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண் என்னைக் கைகாட்டி அழைத்தாள். என் வயதுதான் இருக்கும். என் கட்டுரைகளில் பிழை திருத்துவது அவள்தான் என்று அப்போதுதான் தெரிந்தது.

"பைசா கேட்டியளா?" என்றாள் மெதுவாக.

"கேட்டேன். இல்லைன்னு சொல்லியாச்சு."

"இல்லைன்னு சொல்லமாட்டாவ. அப்பிடி நேருல வந்து கேட்டா சாயாதான் கிடைக்கும். மெட்ராஸ்ல இருந்து எழுதுதவங்களுக்கு மணியார்டர் போவுது, ஒரு கட்டுரைக்கு இருபது. நான்தான் ஃபாரம் எழுதுதேன். பக்கத்து ஊர்க்காரங்க யாரும் கேக்கதில்ல, அதனால குடுக்கதில்ல."

அவள் எனக்குச் சொன்னவை மிகச் சாதாரணமான விஷயங்கள். கட்டுரையோடு தனித்தாளில் கூலி எவ்வளவு என்று எழுதிக் கேட்க வேண்டும். முதலில் கேட்க வேண்டும், அச்சான பிறகு இல்லை. எல்லாவற்றுக்கும் கார்பன் நகல் வைத்துக்கொள்ள வேண்டும். தொடர் எழுதினால் கடைசிப் பகுதியை, முன்னதற்குப் பணம் வரும்வரை அனுப்பக்கூடாது. பிறகு என் கையெழுத்துப் பிரதி ஒன்றை எடுத்துக் காட்டினாள். முதல் பத்தி முழுக்கச் சிவப்பு மையால் அடித்திருந்தது. "ஒவ்வொண்ணுலயும் மொத பத்தியை நான் வெட்டிருவேன். உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. ரெண்டாவது பத்தியிலதான் நீங்க தொடங்குதீங்க." அவள் சொன்னதை வெளியே சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள். அந்த வேலை அவளுக்குத் தேவையாக இருந்தது.

வீட்டுக்கு வந்து ஏழாவது கட்டுரையோடு ஒரு தாள் வைத்து, இருபது ரூபாய் என்று எழுதி அனுப்பினேன். அந்த எண்ணை எழுதும்போது கை கூசியது. பத்து நாளில் அஞ்சலட்டை வந்தது. ஏழாவது கட்டுரையைத் திருப்பி அனுப்பிவிட்டு ஆசிரியர் இப்படி எழுதியிருந்தார்: இருபது ரூபாய் கொடுக்கலாம், ஆனால் இந்த மாதிரி விஷயத்துக்கு இல்லை. வளைகுடாக்காரர்களின் வீட்டுப் பெண்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பதாக அன்று வந்தபோது சொன்னீர்கள் அல்லவா, அந்தக் கடிதங்களையே நான்கு வாரத் தொடராகக் கொடுங்கள், உண்மையாக, உள்ளது உள்ளபடி.

அது எனக்கு வேண்டாம் என்று உடனே தோன்றியதாகச் சொன்னால் பொய். எண்பது ரூபாய். கடிதங்கள் எல்லாம் எனக்கு மனப்பாடம். அன்றைக்கே உட்கார்ந்து, காஞ்சிரங்குளத்து அக்கா சொல்லி நான் எழுதிய ஒரு கடிதத்தை ஞாபகத்தில் இருந்து இரண்டு பக்கம் எழுதிவிட்டேன். மறுநாள் காலை அவள் ஏர்மெயில் தாளோடு வந்து நின்றபோது, அந்த இரண்டு பக்கத்தையும் பாய்க்கு அடியில் தள்ளினேன். தள்ளிய பிறகுதான் நான் செய்தது என்ன என்று தெரிந்தது. அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் யோசித்தாள்.

"எவ்வளவு தருவினும்?"

"ஒண்ணுக்கு இருபது."

"எனக்கு எவ்வளவு?"

நான் விழித்தேன். "அக்கா, எழுதுதது நான் அல்லியா?"

"எழுதுதது நீ ஆக்கும். சொல்லுதது ஆரு? எனக்க வீட்டு காரியம், எனக்க மாப்பிள்ளை, எனக்க வாயில இருந்து வந்த பேச்சு. நீ அதை வித்தா பைசா. எனக்கு ஒண்ணும் இல்லியா?"

நாகர்கோவிலில் நாற்காலியில் உட்கார்ந்து நான் எதைக் கேட்டேனோ, அதே கேள்வியை அவள் என்னிடம் கேட்டாள். ஆனால் அன்று எனக்கு அது புரியவில்லை. எரிச்சல்தான் வந்தது. எழுதத் தெரியாதவளுக்கு எழுத்தில் பங்கா என்று தோன்றியது. அதை வாயால் சொல்லவில்லை, முகத்தில் காட்டியிருப்பேன். ஏனென்றால் அவள் எழுந்து நின்றாள்.

"இன்னொண்ணும் சொல்லுதேன் பிள்ளே. கோவிச்சுக்கிடாதே. போன கத்துல அவரு எழுதியிருந்தாரு, இது ஆரு பேசுதது, நீ இப்பிடி பேசமாட்டியேன்னு. நான் பசு கன்னு போட்டுதுன்னு சொன்னேன், கிழங்கெல்லாம் எலி தின்னுட்டுதுன்னு சொன்னேன். நீ அதை ரெண்டு வரியில முடிச்சிட்டு, 'தங்கள் பிரிவால் வாடும் கொடி'ன்னு எழுதி வச்சிருக்கா. நான் என்ன கொடியா? அவருக்கு அந்த எலிக்க காரியம்தான் வேணும்."

அவள் போய்விட்டாள். நீலத் தாள் என் முன்னால் வெறுமையாகக் கிடந்தது. பாய்க்கு அடியில் இருந்த இரண்டு பக்கத்தை எடுத்துப் படித்தேன். முதல் பத்தியில் கொடி இருந்தது, நிலவு இருந்தது, கண்ணீர் இருந்தது. எலி இல்லை. குமாஸ்தா கதை வேண்டாம் என்றார், மெய்ப்புப் பார்ப்பவள் முதல் பத்தியை வெட்டினாள், இப்போது இவள். மூன்று பேரும் ஒரே இடத்தில்தான் விரல் வைத்திருந்தார்கள்.

மூன்று நாள் போகாமல் இருந்தேன். நான்காம் நாள் அவள் வீட்டுக்குப் போனேன். அவள் கிழங்கு அவித்துக்கொண்டிருந்தாள்.

"பாதி" என்றேன்.

"கொள்ளாம், சரி" என்றாள். "அப்பிடின்னா நானும் சிலது சொல்லணும்."

அவள் நிபந்தனைகள் மூன்று. ஆள் பெயரும் இடப் பெயரும் வரக்கூடாது. அனுப்புவதற்கு முன் ஒவ்வொன்றையும் அவளுக்குப் படித்துக் காட்ட வேண்டும். அவள் வேண்டாம் என்பதை வெட்ட வேண்டும், ஏன் என்று கேட்கக்கூடாது. ஒப்புக்கொண்டேன். உண்மையான கடிதங்களை அப்படியே போடுவதில்லை, அவள் சொல்லச் சொல்லப் புதிதாக எழுதுவது என்று இருவருமாக முடிவு செய்தோம். ஆசிரியருக்கும் அப்படியே எழுதினேன். கடிதங்கள் கிடையாது, ஒரு பெண் தன் வாயால் சொல்வது கிடைக்கும், கூலி இருபது. சரி என்று ஒரு வரியில் பதில் வந்தது.

அந்த நான்கு கட்டுரைகளை எழுதியதுபோல் அதற்கு முன் நான் எதையும் எழுதியதில்லை. அவள் அடுப்படியில் வேலை செய்துகொண்டே பேசுவாள். நான் வாசற்படியில் உட்கார்ந்து எழுதுவேன். பணத்துக்கான முதல் டிராஃப்ட் வந்த அன்று பாங்கில் எந்த ஜன்னலுக்குப் போவது என்று தெரியாமல் அவள் எல்லா வரிசையிலும் நின்றது. கணவர் அனுப்பிய டார்ச் விளக்கைப் பார்க்க வந்தவர்கள் அதை அணைத்து அணைத்துப் போட்டே பாட்டரியைத் தீர்த்தது. இப்படித்தான் இருந்தது அவள் சொன்னதெல்லாம். இரண்டாவது கட்டுரையில், கணவரின் தங்கைக்கு வளையல் செய்யத் தன் தாலிச் சங்கிலியை அடகு வைத்ததைச் சொன்னாள். நான் அதை நன்றாக எழுதியிருந்தேன். படித்துக் காட்டியபோது கேட்டுவிட்டு, "இது வேண்டாம், வெட்டு" என்றாள். நான் வாய் திறந்தேன், பிறகு மூடினேன். வெட்டினேன். அந்தக் கட்டுரை அதனால் மேம்படவில்லை, அந்தப் பத்திதான் அதன் உயிராக இருந்தது. இன்றைக்கும் எனக்கு அது ஒரு குறைதான். ஆனால் அந்தத் தங்கை அவள் பக்கத்து வீட்டில்தான் இருந்தாள்.

முதல் இரண்டு கட்டுரைக்கும் பணம் ஒழுங்காக வந்தது. தபால்காரர் என் பெயரைச் சொல்லி மணியார்டர் என்று கூப்பிட்டபோது அம்மா பயந்துவிட்டாள், யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று. மூன்றாவது அச்சில் வந்தது, பணம் வரவில்லை. நான்காவது எழுதி முடித்து உறையில் இருந்தது. அனுப்பிவிடலாம் என்று கை போனது. தொடர் நின்றால் நம் பெயர்தான் கெடும் என்று பயம். நாகர்கோவில்காரி சொன்னது ஞாபகம் இருந்தாலும், தனியாக நான் அனுப்பித்தான் இருப்பேன். அக்காதான் உறையை வாங்கித் தன் அரிசிப் பானைக்கு மேல் வைத்தாள்.

"எனக்க பாதியும் இதுல உண்டு. இருக்கட்டு."

ஒரு வாரம் தொடர் வராமல் போனது. அடுத்த வாரம் ஆசிரியரின் அட்டை வந்தது, வாசகர்கள் கேட்கிறார்கள், உடனே அனுப்பவும் என்று. நான் பதில் அட்டையில் மூன்றாவதின் கூலி வந்ததும் அனுப்புகிறேன் என்று ஒரே வரி எழுதினேன். இருபது ரூபாய் வந்தது. கூடவே ஒரு குறிப்பு: தாமதத்துக்கு வருந்துகிறோம். அதை எழுதிய கையெழுத்து யாருடையது என்று எனக்குத் தெரியும். நான்காவதையும் அனுப்பினேன், அதற்கும் பணம் வந்தது.

நாற்பது ரூபாய் அவளுக்கு, நாற்பது எனக்கு. நான் ஒரு ரீம் தாளும் ஒரு பெட்டி கார்பனும் வாங்கினேன். அவள் என்ன வாங்கினாள் என்று கேட்கவில்லை. ஆனால் அடுத்த கடிதத்தில் கணவருக்கு எழுதச் சொன்னாள்: "நான் பேசினதுக்கு நாப்பது ரூபா கிடைச்சுது. ஆருக்கும் ஒண்ணும் சொல்லல, நம்ம காரியம் நம்மகிட்டத்தான் இருக்கு. நீரு பயப்படாண்டாம்." அப்படியே எழுதினேன், ஒரு சொல் கூட்டவில்லை.

அவர் இரண்டு மாத லீவில் வந்தபோது என்னைத் தேடி எங்கள் வீட்டுக்கு வந்தார். யாரோ ஊரில் இருந்து பொருள் சுற்றிக் கொண்டுபோன தாளில் மூன்றாவது கட்டுரை இருந்ததாம், அவர்கள் அறையில் ஒருவர் உரக்கப் படிக்க எட்டுப் பேரும் கேட்டார்களாம்.

"நல்லா இருந்துது மக்கா. ஒண்ணுதான் தப்பு. ஓணத்துக்கு அந்த ஆளு பைசா அனுப்ப மறந்துபோனாருன்னு நீ எழுதியிருந்தா. மறக்கல. கம்பெனி மூணு மாசம் சம்பளம் தரல. அதை வீட்டுல சொல்லண்டாம்னு நான்தான் விட்டேன். இப்ப அவளுக்குத் தெரியும், சொல்லியாச்சு. எழுதினதை மாத்த ஒக்குமா?"

பெயரில்லாத ஆளுக்குத் திருத்தம் போடுவது எப்படி என்று ஆசிரியர் கேட்டார். அதனால் நான் ஐந்தாவதாக ஒன்று எழுதினேன். சம்பளம் வராத மூன்று மாதம் அந்த எட்டுப் பேரும் என்ன சாப்பிட்டார்கள், வீட்டுக்கு என்ன எழுதினார்கள் என்பதை அவர் எங்கள் வீட்டு முற்றத்தில் நின்றே சொன்னார், சிமெண்ட் விலை சொல்வதுபோல. பாதிக் கூலி அவருக்கு என்று சொன்னேன். அவர் மறுத்தார். அக்கா வாங்கிக்கொண்டாள்.

அவர் திரும்பிப் போகும்போது ஒரு டேப்ரெக்கார்டரை வீட்டில் வைத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அவள் என்னிடம் கடிதத்துக்கு வரவில்லை. காசெட்டில் பேசி, போகிறவர்கள் கையில் கொடுத்தனுப்பினாள். மெல்ல மெல்ல எல்லா வீட்டிலும் அப்படி ஆகி, ஐம்பது பைசா வரும்படி நின்றது. அந்த நேரத்தில் எனக்கு வேறு இரண்டு பத்திரிகைகளில் இடம் கிடைத்திருந்தது, ஒன்று திருவனந்தபுரத்தில், மலையாளத்தில். எங்கேயும் முதல் கடிதத்திலேயே கூலியைக் கேட்டேன். அதனால் சில இடங்கள் எனக்கு மூடிக்கொண்டன, பதிலே போடாத ஆசிரியர்களும் உண்டு. பிறர் சொன்னதை எழுதும்போதெல்லாம் அவர்களுக்கு ஒரு பங்கு கொடுத்தேன். எல்லா நேரமும் பாதி கொடுக்க முடியவில்லை. கொடுக்க முடியாதபோது முன்னாலேயே சொன்னேன். ஒற்றசேகரமங்கலத்தில் ரப்பர் வெட்டுகிற ஒருவர், அப்படியானால் பேச்சு இல்லை என்று எழுந்து போனதும் உண்டு. அவர் செய்தது சரி என்றே நினைத்தேன்.

நாகர்கோவில் இதழ் சில வருடங்களில் நின்றுபோனது. மெய்ப்புப் பார்த்தவள் வேறொரு அச்சகத்துக்கு மாறினாள். நாங்கள் கடிதம் எழுதிக்கொண்டோம், நான் அனுப்புவதற்கு முன் என் முதல் பத்திகளை அவளுக்குத் தனியாக அனுப்பி வைப்பேன். பெரும்பாலும் வெட்டித்தான் திருப்பி அனுப்பினாள். காஞ்சிரங்குளத்து அக்கா பத்து சென்டில் புதிய வீடு கட்டினாள். பூச்சு வேலை முழுவதும் கணவரே ஒரு லீவில் வந்து செய்தார். பால் காய்ச்சும் நாளுக்கு என்னை அழைக்க வந்தபோது, அழைப்பிதழ் அச்சடிக்க வேண்டும், வாசகம் எழுதித் தா என்றாள். நாளும் இடமுமாக இரண்டு வரி எழுதி, படித்துக் காட்டினேன். "இவ்வளவு போதும்" என்றாள்.